இரண்டு பதிவேடுகள், இரண்டு முகவரிகள்: சென்னை அரசுப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு, 2023–24

பின்னணி

சென்னையின் நடுவே, கூவத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். 2023–24இல் பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்பாசிரியர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த ஓராண்டில் என்ன நடந்தது, எதை ஏன் செய்தோம், எங்கே தவறினோம் என்பதை எழுதி வைக்கிறேன். பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் பெயர்களைத் தரவில்லை. சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2023 மே மாதம் வந்த முடிவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பள்ளியில் 74 பேர் தேர்வு எழுதினார்கள், 17 பேர் தவறினார்கள். மாநிலத் தேர்ச்சி 91.39 விழுக்காடு, எங்களுடையது 77. தவறிய 17 பேரில் 15 பேருக்குக் கணிதம் போயிருந்தது. அந்த வகுப்புக்குக் கணிதம் எடுத்ததும் நான்தான்.

மீளாய்வுக் கூட்டத்துக்குப் போய் வந்த எங்கள் தலைமை ஆசிரியை அன்று மாலை யாரிடமும் பேசவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் காரணங்கள் வரிசையாக வந்தன. கொரோனாவில் பள்ளி மூடியிருந்தது, வீட்டில் கவனிப்பு இல்லை, ஆங்கில வழிப் பிள்ளைகள் தேவலை, தமிழ் வழிப் பிரிவில்தான் பிரச்சினை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தக் காரணம் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஜூன்: புதிய வகுப்பில் பார்த்தது

அந்த ஆண்டு வெயிலால் தள்ளிப்போய் ஜூன் 12ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. அ பிரிவு ஆங்கில வழி, 34 பேர். என்னுடைய ஆ பிரிவு தமிழ் வழி, 37 பேர்.

வழக்கமாக முதல் நாளே பாடப்புத்தகத்தைத் திறந்துவிடுவேன். இந்த முறை அப்படிச் செய்யாமல் ஒரு தாளில் 15 கணக்குகள் கொடுத்தேன். எல்லாம் நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை உள்ளவை. இரண்டு இலக்க எண்ணால் வகுப்பது 14 பேருக்கு வரவில்லை. அதைவிட என்னை உட்காரவைத்தது ஒரே ஒரு கணக்கு: −3 −5 எவ்வளவு? சிலர் 8 என்று எழுதியிருந்தார்கள், சிலர் 2, சிலர் −2. 8 என்று எழுதிய ஒரு பையனிடம் ஏன் என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே மிஸ்" என்றான். பெருக்கலுக்கான விதியை மட்டும் யாரோ ஒரு நாள் சொல்லியிருக்கிறார்கள், அது மட்டும் மனதில் ஒட்டியிருக்கிறது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஏழாம் வகுப்பு முழுவதும் வகுப்பறையைப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திரும்ப உள்ளே வந்தார்கள். முழுக்கள், பின்னங்கள், இயற்கணிதத்தின் முதல் படி எல்லாம் அந்த இடைவெளியில் வரும் பாடங்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் வந்தது பள்ளி திறந்த பிறகுதான். அதற்கு முன் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. இருந்தும் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்த வீட்டில், அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் ஒற்றை போனில் எவ்வளவு நடக்கும்?

இந்த இடைவெளி இரண்டு பிரிவுக்கும் பொது. பிறகு ஏன் ஆ பிரிவு மட்டும் இவ்வளவு பின்னால்? ஆறாம் வகுப்புச் சேர்க்கையை நினைத்துப் பார்த்தேன். பெற்றோர் நேரில் வந்து நின்று, "ஆங்கில வழி வேண்டும் சார்" என்று கேட்ட பிள்ளைகள் அ பிரிவுக்குப் போனார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களின் பிள்ளைகளும், பாட்டியோடு வந்து சேர்ந்த பிள்ளைகளும் ஆ பிரிவுக்கு வந்தார்கள். பயிற்று மொழியால் வந்த வித்தியாசம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி, சேர்க்கை நாளன்று யார் வர முடிந்தது என்ற வித்தியாசம். தமிழ் வழியின் தலையில் அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

பேருந்து அட்டை

பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் உண்டு. சாதிப் பிரிவு, தாய்மொழி, பெற்றோர் தொழில், முகவரி எல்லாம் அதில் இருக்கும். அதன்படி என் வகுப்பில் 37 பேரும் பள்ளியைச் சுற்றி நடந்து வரும் தூரத்தில்தான் வசிக்கிறார்கள்.

ஜூலை முதல் வாரம் இலவசப் பேருந்து அட்டைக்கு விண்ணப்பம் வாங்கினேன். 11 பேர் ஏறும் இடம் என்று எழுதியிருந்தது பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கிட்டத்தட்ட 20, 25 கிலோமீட்டர். எமிஸில் இருந்தது ஆற்றோரத்துப் பழைய வீட்டு முகவரி. வீடுகளை அகற்றிக் குடும்பங்களை மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் சேர்ந்தபோது கொடுத்த முகவரியை யாரும் மாற்றவில்லை. இரண்டு பதிவேடுகளும் ஒரே அலுவலக அறையில், ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே முந்தைய ஆண்டின் பேருந்து அட்டைப் பட்டியலை எடுத்தேன். தவறிய 17 பேரில் 9 பேர் அதே குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். அப்புறம் தாமத வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அதே பெயர்கள் பக்கம் பக்கமாக.

எங்கள் பள்ளியில் வழிபாடு 9.10க்கு. பிந்தி வருபவர்கள் வாசலுக்கு உள்ளே வரிசையாக நிற்க வேண்டும். வழிபாடு முடிந்து, உடற்கல்வி ஆசிரியர் பெயர் எழுதி, கண்டித்து அனுப்பும்போது முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும். ஆ பிரிவுக்கு முதல் பாடவேளை வாரத்தில் ஐந்து நாளும் கணிதம். காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று கால அட்டவணை போடும்போது நானே கேட்டு வாங்கியது அது. காலை 8.15 சிறப்பு வகுப்பும் நான் வைத்ததுதான். அதற்கு இந்த 11 பேரும் ஒரு நாள் கூட வந்து சேர முடியாது. வராதவர்களை நான் அக்கறை இல்லாதவர்கள் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரு மாணவியை உட்காரவைத்து அவளுடைய காலைப் பொழுதைக் கேட்டேன். அம்மா பழைய வீட்டுப் பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறார், ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். இவள் தண்ணீர் பிடித்து மேலே ஏற்றி, தம்பியைத் தயார் செய்து கூட்டிக்கொண்டு ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறாள். இரண்டு பேருந்து மாற வேண்டும். தம்பி பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு அங்கே காலை உணவுத் திட்டத்தில் பொங்கலோ உப்புமாவோ கிடைக்கும். அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அவனைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு இவள் ஓடி வருகிறாள். மதியச் சத்துணவு வரும் வரைக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை.

"அங்கேயே பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சேரலாமேம்மா?" என்று கேட்டேன். "அம்மா வேலை இங்கதான் மிஸ். சாயங்காலம் அம்மாகூடத்தான் வீட்டுக்குப் போவோம். அங்க தனியா இருக்க பயமா இருக்கும்" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது மாற்றுச் சான்றிதழ் பற்றிய பேச்சு. 11 பேரையும் அவரவர் குடியிருப்புக்கு அருகில் உள்ள பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை தலைமை ஆசிரியையிடம் இருந்தது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் அலைவது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று உண்மையாகவே நினைத்தார். பெற்றோரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஜூலை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வேலை முடியும் நேரமான மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். 11 பேரில் 9 பேரின் வீட்டிலிருந்து வந்தார்கள். ஒருவரும் மாற்றச் சம்மதிக்கவில்லை. வேலை, பாதுகாப்பு, பழகிய ஆசிரியர்கள் என்று காரணங்கள் சொன்னார்கள். ஒரு தாய் எழுந்து, "வீடுதான் போச்சு, பள்ளிக்கூடமாவது இருக்கட்டும்" என்றார். தலைமை ஆசிரியை அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்தது முதல் பாடவேளை. கணிதத்தை மூன்றாவது பாடவேளைக்குத் தள்ளிவிட்டால் இழப்பு வேறொரு பாடத்தின் தலையில் விழும். அதனால் ஐந்து பாடங்களும் ஆளுக்கு ஒரு நாள் முதல் பாடவேளையை எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். எந்தப் பாடத்துக்கும் வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் பாதிப்பு வராது. ஆங்கில ஆசிரியைக்குத் தன் வசதியான நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கொடுத்தார்.

வாசலில் நிறுத்துவதைக் கைவிடுவதில்தான் நேரம் ஆனது. உடற்கல்வி ஆசிரியர் ஒப்பவில்லை. "இவங்களை விட்டா மத்தவங்களும் லேட்டா வருவாங்க மேடம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், தொலைதூரப் பேருந்து அட்டை வைத்திருப்பவர்கள் 9.40 வரை நேராக வகுப்புக்குப் போகலாம், அதற்குப் பிறகு வந்தால் வகுப்பாசிரியர் கேட்டுக்கொள்வார் என்று முடிவானது.

காலைச் சிறப்பு வகுப்பை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம், மாலை 4.45 வரை இன்னொரு வேளை. அதற்கு மேல் போனால் அம்மாக்களோடு பேருந்து ஏற முடியாது.

சாப்பாட்டு விஷயம் நாங்கள் திட்டமிட்டதில்லை. குழுவில் இருந்த ஒரு பெற்றோர் சிறிய டிபன் கடை வைத்திருக்கிறார். காலை இடைவேளைக்கு ஒரு தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். கொண்டைக்கடலைக்கான காசை ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம், பெயர்ப் பட்டியல் கிடையாது. பட்டியல் போட்டிருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பாடத்தில் எடுத்த முடிவுதான் எனக்குப் பயம் தந்தது. ஜூலை முழுவதும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்து, முழுக்கள், பின்னம், சமன்பாடு மட்டும் நடத்தினேன். முழுக்களுக்குப் பள்ளியின் மாடிப்படியையே எடுத்துக்கொண்டேன். நடுப் படியில் சாக்பீஸால் பூஜ்யம் எழுதி, கீழே மூன்று படி இறங்கச் சொல்லி, இன்னும் ஐந்து படி இறங்கு என்றால் எங்கே நிற்பாய் என்று கேட்டேன். "எட்டு" என்று சொன்ன அதே பையன் கீழே எட்டாவது படியில் நின்றுகொண்டு, "ஓ, மைனஸ் எட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆகஸ்ட் மாதத் தேர்வில் எங்கள் பிரிவு மோசமாகத்தான் வந்தது. பாடம் பின்தங்கியிருந்தது, தலைமை ஆசிரியை கவலைப்பட்டார், நானும் தூங்கவில்லை. காலாண்டுத் தேர்வில் 37 பேரில் 16 பேர் கணிதத்தில் தவறினார்கள்.

அக்டோபரிலிருந்து வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் மதிய அரை மணி நேரத்தை ஒதுக்கினேன். நூறு மதிப்பெண்ணில் இந்த இரண்டு எட்டு மதிப்பெண் கேள்விகளும் 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, தேர்ச்சிக்கு 35. பின்தங்கிய பிள்ளைக்கு இது கரை சேரும் வழி என்று எல்லாக் கணித ஆசிரியருக்கும் தெரியும். இதில் எனக்கு மன நிறைவு இல்லை என்பதையும் எழுத வேண்டும். 35க்கு ஆள் தயார் செய்வது கணிதம் சொல்லிக்கொடுப்பது ஆகாது. ஆனால் பத்தாம் வகுப்பில் தவறினால் இந்தப் பிள்ளைகளில் பலர் திரும்பி வர மாட்டார்கள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இந்த வாசலைத் தாண்டினவர்களுக்குத்தான்.

அ பிரிவில் ஒருவன்

வேறு வகைச் சிக்கல் ஒன்று அ பிரிவில் இருந்தது. பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், அப்பா ஓர் உணவகத்தில் சமையல் வேலை. எட்டாம் வகுப்பில்தான் இங்கே சேர்ந்தான். கணிதத்தில் என் இரண்டு பிரிவிலும் அவனுக்கு மேல் யாரும் இல்லை. தமிழில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். அது வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்த ஊரில் வாழப்போகிற பிள்ளை இந்த ஊர் மொழியைப் படிக்கட்டும். ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் செய்யுளும் இலக்கணமும் எழுதச் சொல்கிறோம்.

தமிழ் ஐயா அவனை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு தினமும் 15 நிமிடம் உட்காரவைத்தார். பேருந்துப் பலகை, கடைப் பெயர், அப்புறம் ஒரு பத்தி. தேர்வுக்கு மனப்பாடப் பாடல், கடிதம், படிவம் நிரப்புதல் என்று பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பர்: வெள்ளம்

டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. நகரம் முழுக்கப் பள்ளிகள் மூடின, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை. பள்ளி திறந்த பிறகும் 11 பேரில் 7 பேர் வரவில்லை. தரைத்தளத்தில் இருந்த இரண்டு பேரின் புத்தகங்கள் ஊறிப்போயின. புத்தகம் இழந்தவர்களுக்கு அரசு புதிய புத்தகம் கொடுத்தது, அது தாமதமில்லாமல் வந்தது. குறிப்பேடுகளுக்குத்தான் மாற்று இல்லை. மற்ற பிள்ளைகள் வரைபடக் கணக்குகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வராத ஒரு பையனைத் தேடி ஒரு சனிக்கிழமை நானும் தமிழ் ஐயாவும் போனோம். அவன் வீடு ஆறாவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. படியில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கி நான்காவது மாடியில் நின்றபோதுதான், என் மாணவி தண்ணீர் ஏற்றுவதாகச் சொன்னது எவ்வளவு வேலை என்று எனக்குக் காலில் புரிந்தது. அந்தப் பையன் வீட்டில் இல்லை. ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்று அவனுடைய ஆயா சொன்னார். வெள்ளத்தில் அப்பாவின் வண்டி கெட்டுப்போனது, கடன் இருக்கிறது. ஜனவரியில் இரண்டு முறை வந்தான், செய்முறைத் தேர்வுக்கு வந்தான். பொதுத் தேர்வுக்கு வரவில்லை.

தேர்வும் முடிவும்

தேர்வு மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை. தேர்வறைக்கு 9.40 எல்லாம் செல்லாது. தொலைவிலிருந்து வரும் பத்து பேரில் ஆறு பேர் அந்த நாட்களுக்கு ஆற்றங்கரைப் பக்கம் இன்னும் குடியிருக்கும் உறவினர் வீடுகளில் தங்கினார்கள். இரண்டு மாணவிகள் டிபன் கடைக்காரம்மா வீட்டில் தங்கினார்கள். மீதி இரண்டு பேர் முதல் பேருந்தைப் பிடித்து ஏழரைக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

2024 மே 10ஆம் தேதி முடிவு வந்தது. பதிவு செய்த 71 பேரில் 62 பேர் தேர்ச்சி. தேர்வுக்கு வராத பையனையும் சேர்த்து 9 பேர் தவறினார்கள். மாநிலம் 91.55, நாங்கள் 87. தொலைவிலிருந்து வந்த 11 பேரில் 8 பேர் தேர்ச்சி, இரண்டு பேருக்குக் கணிதம் போனது. அவர்களில் ஒருத்தி ஜூலைத் துணைத் தேர்வில் எழுதித் தேறினாள், இன்னொருவன் எழுதவில்லை. தம்பியைக் கூட்டி வரும் மாணவி கணிதத்தில் 61.

பீகார்ப் பையன் கணிதத்தில் 97 வாங்கி, தமிழில் 29இல் நின்றான். துணைத் தேர்வில் 41 வாங்கித் தேறி, பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் தாமதமாகச் சேர்ந்தான்.

இந்த முன்னேற்றம் முழுவதும் எங்கள் மாற்றங்களால் வந்தது என்று சொல்ல மாட்டேன். முந்தைய ஆண்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முழுவதையும் இழந்தவர்கள். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. சொல்லக்கூடியது ஒன்று: ஜூலைக்குப் பிறகு அந்த 11 பேரின் முதல் பாடவேளை வருகை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது, அது டிசம்பர் வரை குறையவில்லை.

எதை மாற்றுவேன்

சேர்க்கை நாளன்று வராத பெற்றோரைத் தேடிப்போய்ப் பயிற்று மொழி பற்றிக் கேட்க வேண்டும். இதை இப்போது தலைமை ஆசிரியை செய்யத் தொடங்கியிருக்கிறார்.

அடிப்படைக் கணக்குக்கு நான் எடுத்த ஒரு மாதத்தைப் பத்தாம் வகுப்பில் எடுத்திருக்கக் கூடாது, ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள். எண்பதுக்கு மேல் வாங்கக்கூடிய இரண்டு மாணவிகள் எழுபதுகளில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "எங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லையா மிஸ்?" அந்த ஆண்டு அவளுக்கு என்னிடம் நேரம் இருக்கவில்லை.

கேட்டரிங் வேலைக்குப் போன பையனின் வருகைப் பதிவை இப்போது எடுத்துப் பார்த்தால், அக்டோபரிலிருந்தே திங்கள்கிழமைகளில் இல்லை. ஞாயிறு முகூர்த்த நாட்களில் இரவு முழுக்க வேலை செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். வெள்ளம்தான் அவனைக் கொண்டுபோனது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் அதற்கு இரண்டு மாதம் முன்பே போக ஆரம்பித்துவிட்டான். மொத்த வருகையை மட்டும் பார்க்காமல் எந்தக் கிழமை வரவில்லை என்று பார்த்திருந்தால் அக்டோபரிலேயே அந்த ஆறு மாடியை ஏறியிருப்பேன்.

இப்போது ஜூன் மாதம் வகுப்புப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கட்டம் போட்டுக்கொள்கிறேன்: இப்போது எங்கே தங்கியிருக்கிறாய், யாரோடு வருகிறாய், எத்தனை மணிக்கு எழுந்தாய். அந்தப் பையன் 2024 ஆகஸ்டில் மதிப்பெண் பட்டியல் பற்றிக் கேட்க ஒரு நாள் வந்தான். தனித்தேர்வராக எழுதும் விண்ணப்பத்தைக் கொடுத்து, கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டு போனான். இன்னும் பூர்த்தி செய்து கொண்டுவரவில்லை.